பெட்டி முன்னே, பயணி பின்னே

லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் போய்வர ஒரு தனி வாசல் இருக்கிறது. 2017-இல் திறக்கப்பட்ட அந்த முனையத்தின் பெயர் 'பி.எஸ்.' பிரபலங்களின் பாதுகாப்பு ஆலோசகராகப் பேர்பெற்ற கவின் டி பெக்கர் தொடங்கியது. காரை விட்டு இறங்கியதும் ஊழியர்கள் பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். பாதுகாப்புச் சோதனை தனியிடத்தில் முடிந்துவிடும். புறப்படும் நேரத்தில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் வந்து, விமானத்தின் அருகிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். சாதாரணப் பயணி கார் இருக்கையிலிருந்து விமான இருக்கைக்குப் போக 2,200 காலடி எடுத்து வைக்க வேண்டும், தங்கள் வாடிக்கையாளருக்கு 70 போதும் என்பது அந்த நிறுவனத்தின் விளம்பரக் கணக்கு. தொடக்கத்தில் ஆண்டு உறுப்பினர் கட்டணம் 7,500 டாலர். ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகவும் கட்ட வேண்டும்.

தனி வாசலும் விமானம்வரை வரும் காரும் எல்லோருக்கும் வாய்க்கப்போவதில்லை. ஆனால் பெட்டியைத் தூக்காமல் ஊர் போய்ச் சேரும் அந்த ஒரு சுகம் மட்டும், ஜப்பானில் பள்ளி ஆசிரியருக்கும் ஓய்வூதியம் வாங்கும் பாட்டிக்கும் கல்லூரி மாணவருக்கும் கிடைக்கிறது.

டோக்கியோவில் தங்கியிருக்கும் ஒருவர் மறுநாள் கியோட்டோவுக்குப் புறப்பட வேண்டும். விடுதியின் வரவேற்பு மேசையில் ஒரு சீட்டு தருவார்கள். போய்த் தங்கப்போகும் விடுதியின் பெயர், முகவரி, முன்பதிவு யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் வேண்டும் என்று நிரப்பிக் கொடுத்தால் போதும். பெட்டியின் நீள, அகல, உயரத்தைக் கூட்டி வரும் சென்டிமீட்டர் அளவும், போகும் தூரமும் கட்டணத்தைத் தீர்மானிக்கும். நடுத்தரப் பெட்டிக்கு ஏறக்குறைய 2,000 முதல் 3,000 யென் ஆகும். விடுதி இல்லாதவர்கள் தெருமுனையில் இருக்கும் செவன் லெவன், ஃபேமிலி மார்ட் போன்ற கடைகளிலேயே கொடுத்துவிடலாம். பெரும்பாலான ஊர்களுக்கு மறுநாளே பெட்டி போய்ச் சேர்ந்துவிடும். பயணி ஒரு தோள்பையோடு புல்லட் ரயிலில் ஏறி, வழியில் பிடித்த ஊரில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் விடுதிக்குப் போனால் பெட்டி அங்கே காத்திருக்கும்.

இந்தச் சேவைக்குத் 'தக்கியூபின்' என்று பெயர். இதைத் தொடங்கிய யமாட்டோ நிறுவனம் 1919-இல் நான்கு லாரிகளோடு டோக்கியோவில் பிறந்தது. நிறுவனரின் மகன் ஒகுரா மசாவோ 1971-இல் தலைவரானபோது நிலைமை நன்றாக இல்லை. தொலைதூரச் சரக்குப் போக்குவரத்தில் போட்டி நிறுவனங்கள் முந்திவிட்டன. 1973-இன் எண்ணெய் நெருக்கடி மேலும் அழுத்தியது. அப்போது வீட்டுப் பொட்டலம் அனுப்ப வேண்டுமென்றால் அஞ்சலகத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ சுமந்துகொண்டு போக வேண்டும். அஞ்சலகம் 6 கிலோவுக்கு மேல் வாங்காது. கயிறு கட்டி, அட்டை தொங்கவிட்டால்தான் எடுத்துக்கொள்வார்கள். எப்போது போய்ச் சேரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

ஒகுரா இங்கேதான் ஒரு வழியைக் கண்டார். நியூயார்க்கில் ஒரு நாற்சந்தியைச் சுற்றி யு.பி.எஸ். பொட்டல நிறுவனத்தின் நான்கு வண்டிகள் நிற்பதைப் பார்த்தது அவரை யோசிக்க வைத்தது. ஒரே பகுதிக்குள் போதுமான பொட்டலங்கள் சேர்ந்துவிட்டால், வீடு வீடாகப் போவதும் கட்டுப்படியாகும் என்பது அவருடைய முடிவு. ஒரு பொட்டலமானாலும் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வோம், மறுநாளே சேர்ப்போம், கட்டணம் யாருக்கும் புரியும்படி இருக்கும் என்று அறிவித்தார். தெருவில் எல்லோருக்கும் பழக்கமான அரிசிக் கடைகளையும் மதுக் கடைகளையும் பொட்டலம் வாங்கும் முகவர்களாக்கினார். 1976 ஜனவரி 20 அன்று டோக்கியோவைச் சுற்றிய கான்டோ வட்டாரத்தில் சேவை தொடங்கியது. முதல் நாள் வந்தவை 11 பொட்டலங்கள். இப்போது யமாட்டோ ஆண்டுக்கு 180 கோடிக்கும் அதிகமான பொட்டலங்களைக் கையாள்கிறது. குட்டியைக் கவ்விச் செல்லும் அந்நிறுவனத்தின் கறுப்புப் பூனைச் சின்னத்தை அந்நாட்டுக் குழந்தைகள்கூட அடையாளம் காட்டுவார்கள்.

அந்த வளர்ச்சிக்காக ஒகுரா துணிந்து எடுத்த முடிவுகளும் உண்டு. பல பத்தாண்டுகளாக யமாட்டோவின் பெரிய வாடிக்கையாளராக இருந்த மிட்சுகோஷி அங்காடியோடு 1979-இல் உறவை முறித்துக்கொண்டார். புதிய தடங்களுக்கு உரிமம் தராமல் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தபோது, 1986-இல் அமைச்சர் மீதே வழக்குத் தொடுத்தார். அரசின் அனுமதியை நம்பி வாழும் லாரித் தொழிலில் அப்படி ஒருவர் நீதிமன்றம் போனது நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் உரிமம் வந்துவிட்டது.

பொட்டலச் சேவை பயணிகளின் சேவையாக மாறியதற்கு மலைநாடான நகானோவில் இருந்த யமாட்டோ ஊழியர்கள் காரணம். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள், ஆள் உயரக் கட்டைகளையும் கனத்த காலணிகளையும் தூக்கிக்கொண்டு தடுமாறுவதை அவர்கள் தினமும் பார்த்தார்கள். நாமே கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன என்று கேட்டார்கள். 1983-இல் பனிச்சறுக்குச் சாமான்களுக்கும், அடுத்த ஆண்டு கோல்ஃப் பைகளுக்கும் தனிச் சேவை வந்தது. பனிச்சறுக்குச் சேவை தொடங்கிய முதல் குளிர்காலத்திலேயே கடும் பனிப்பொழிவில் லாரிகள் வழியில் சிக்கிக்கொண்டன. விளையாட வந்தவர்கள் வெறுங்கையோடு விடுதிகளில் நின்றார்கள். அவர்களுடைய வாடகைச் சாமான்களுக்கும் மாற்று உடைகளுக்கும் யமாட்டோவே பணம் கொடுத்தது. அதன் பிறகு, விளையாடும் நாளுக்கு முந்தைய நாளே சாமான் போய்ச் சேர வேண்டும் என்பதை விதியாக்கிக்கொண்டது.

அடுத்தவர் பெட்டிக்கு இப்படிப் பொறுப்பேற்கும் பழக்கம் அந்நாட்டு விமான நிலையங்களிலும் தெரிகிறது. ஒசாகா அருகே கடலுக்குள் செயற்கைத் தீவில் அமைந்த கான்சாய் விமான நிலையம் 1994-இல் திறக்கப்பட்டது. தங்கள் கையாளுதலில் ஒரு பெட்டிகூடத் தொலையவில்லை என்ற பெயரோடு அது 30 ஆண்டுகளைக் கடந்தது. அங்கே பெட்டிகள் சுழல்பட்டையில் வரும்போது, கைப்பிடி பயணியின் பக்கம் பார்த்திருக்கும்படி ஊழியர்கள் திருப்பி வைக்கிறார்கள்.

இதை வெறும் சொகுசு என்று ஒதுக்க முடியாது. புல்லட் ரயில் பல நிலையங்களில் ஓரிரு நிமிடமே நிற்கும். அதற்குள் கைக்குழந்தையோடும் இரண்டு சூட்கேஸ்களோடும் ஏறி இறங்குவது எவருக்கும் போராட்டம்தான். 2020 மே மாதம் முதல் டோக்கியோ, ஒசாகா வழித்தடத்து ரயில்களில், மூன்று பக்கமும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதற்கான இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 1,000 யென் கட்டணம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும், முழங்கால் தேய்ந்த முதியவருக்கும், தனியாகப் பயணிக்கும் கர்ப்பிணிக்கும் பெட்டி முன்னால் போய்விடுவது, பயணம் செய்ய முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கிறது. நட்சத்திரங்களைவிட இவர்களுக்குத்தான் இந்தச் சேவை அதிகம் தேவை.

நம்மைச் சுற்றியும் இதே திசையில் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஹாங்காங்கில் 1998 முதல் நகர ரயில் நிலையத்திலேயே விமானப் பெட்டியை ஒப்படைக்கும் வசதி வந்தது. டெல்லி மெட்ரோவின் விமான நிலையத் தடத்திலும் குறிப்பிட்ட விமானங்களுக்கு இதே ஏற்பாடு உண்டு. ஆனால் கிராமத்து வீட்டு வாசல்வரை நீளும் வலைப்பின்னல் ஜப்பானில்தான் இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது.

அந்த வலையைத் தாங்கிப் பிடிப்பவர்கள் ஓட்டுநர்கள். இணைய வணிகம் பெருகியபோது சுமையெல்லாம் அவர்கள் முதுகில் இறங்கியது. வீட்டில் ஆள் இல்லையென்றால் கூடுதல் கட்டணமின்றி மறுபடியும் வர வேண்டும். பத்தில் ஒன்றுக்குச் சற்று மேலான பொட்டலங்கள் அப்படி மறுநடை வாங்குவதாக அரசின் கணக்கு சொன்னது. கணக்கில் வராத கூடுதல் நேர வேலை 2017-இல் பெரும் சர்ச்சையானது. யமாட்டோ நிலுவைச் சம்பளத்தைக் கொடுத்தது, கட்டணத்தை உயர்த்தியது. பகல் 12 முதல் 2 மணிவரை நேரம் குறித்துக் கொண்டுவரும் வசதியையும் நிறுத்தியது. ஓட்டுநர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக! 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநரின் கூடுதல் வேலை நேரம் ஆண்டுக்கு 960 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. கட்டணம் இன்னும் ஏறலாம். சுமப்பவரின் உழைப்புக்கு உரிய விலையைக் கொடுத்துத்தான் இந்த வசதியை அனுபவிக்க வேண்டும்.

ஜப்பான் போகத் திட்டமிடுகிறவர்கள் சிலவற்றைக் கவனத்தில் வைக்கலாம். ஒரு பெட்டி 30 கிலோவைத் தாண்டக் கூடாது. கடவுச்சீட்டு, பணம், மருந்து, மடிக்கணினி ஆகியவற்றைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் இரவுக்கான மாற்று உடையும் தோள்பையில் இருக்கட்டும். புறப்படும் விமான நிலையத்துக்குப் பெட்டியை அனுப்புவதானால், இரண்டு நாள் முன்பே ஒப்படைத்துவிடுவது பத்திரம். போய்ச் சேரும் விடுதி பெட்டியை முன்கூட்டி வாங்கி வைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு முகவரிக்கு அனுப்புவதானால், ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சீட்டில் குறித்தால் ஓட்டுநருக்கு ஒரு நடை மிச்சம்.