ஏதிலியும் ஜேர்மன் மொழியும்: செந்தூரன் வரதராஜாவின் இலக்கிய வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

மொழி வெறும் தொடர்புச் சாதனம் மட்டுமன்று. தொழிலையும் உரிமையையும் பங்கிடும் சமூக நிறுவனமும் ஆகும். திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழும் நமக்கு இவ்வுண்மை ஏட்டறிவன்று. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் பேசுவோரின் அரச வேலைவாய்ப்பை எவ்வாறு குறுக்கிற்று என்பதை இங்குள்ள குடும்பங்கள் பட்டறிந்தவை. இப்பின்னணியிலேயே செந்தூரன் வரதராஜாவின் எழுத்தை நாம் அணுகுகின்றோம்.

1984இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தாருடன் ஜேர்மனி சேர்ந்தார். அக்காலத்தில் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினை அடைந்த தமிழர் பலர். தஞ்சம் கோருவோர் விடுதிகளிற் தங்கவைக்கப்பட்டனர். அவர்தம் நடமாட்டமும் வேலை செய்யும் உரிமையும் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டன. உழைப்பை விற்கும் உரிமைகூட மறுக்கப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஜேர்மன் மொழி பாடமாக மட்டும் அமையவில்லை. சமூகத்தினுள் நுழையும் வாயிலாகவும் அமைந்தது.

மெய்யியலும் இறையியலும் பயின்ற செந்தூரன், 2014இல் கிளாகன்பூர்ட் இலக்கிய நாட்களில் 3சாட் பரிசு பெற்றார். ‘குறிகள் பெருகுமுன்’ எனப் பொருள்படும் முதல் நாவல் 2016இல் வெளிவந்தது. ஈழத்திலிருந்து சென்ற செந்திலும் கொசோவோவிலிருந்து சென்ற வல்மிராவும் ஏழு நாட்கள் முகநூலில் எழுதிக்கொள்வதே அதன் வடிவம். இருவரும் நேரிற் சந்தித்தவரல்லர். ஒருவர் தாய்மொழி மற்றவர்க்குத் தெரியாது. இரு வேறு போர்களால் பெயர்க்கப்பட்டோரை மூன்றாவதொரு மொழி இணைக்கின்றது. ஆயினும் அவர்கள் கையாளுவது விடுதிப் பேச்சுமொழியன்று. செறிவான, ஏட்டுப்பாங்கான ஜேர்மன். அகதியிடம் குறைமொழியை எதிர்பார்க்கும் சமூகத்திற்கு இந்நடை ஒரு மறுப்பு என்றே நாம் கொள்கின்றோம்.

2017இல் அவருக்குச் சமிசோ ஊக்கப் பரிசு கிடைத்தது. வேற்றுமொழிப் பின்னணியினருக்கென 1985 முதல் வழங்கப்பட்ட அப்பரிசு அவ்வாண்டுடன் நின்றது. பரிசுக்குப் பெயர் தந்த சமிசோ, பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சி வெளியேறிய பிரபுக் குடும்பத்தவர். ஜேர்மன் மொழியில் எழுதியவர். பிரபுவும் ஏதிலியும் ஒரே பெயரின்கீழ் நிறுத்தப்படும்போது புலப்பெயர்வின் வர்க்க வேறுபாடு மறைகின்றது. ‘புலம்பெயர் இலக்கியம்’ என்னும் வகைப்பாடு எழுத்தாளனுக்கு இடமளிக்கின்றது. அவ்விடத்தை வேலியிட்டும் வைக்கின்றது. ரோட்டன்பேர்க்கில் 2001இல் நிகழ்ந்த நரமாமிசக் கொலையைப் பொருளாகக் கொண்ட ‘சிவப்பு (பசி)’ என்னும் 2022ஆம் ஆண்டு நாவல் அவ்வேலியைத் தாண்டிய ஒன்று.

இவரை ‘நம்மவர்’ எனக் கொண்டாடுதலும் ‘தமிழுக்கு இழப்பு’ என இரங்குதலும் எளியவை. இரண்டும் மொழியைச் சொத்தாகக் கருதுவன. ஓர் அரசின் மொழிக் கொள்கை வளர்த்த முரண்பாடு போராக முற்றி மக்களைத் துரத்த, இன்னோர் அரசின் மொழி அவர்தம் பிள்ளைகளின் உழைப்பால் வளம் பெறுகின்றது. இவ்வரலாற்று முரணை விளங்கிக்கொள்வதே முற்போக்கு விமர்சனத்தின் கடன். அதற்கு முதற்படியாக இந்நாவல்கள் மூலமொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கம் பெற்று நம் வாசகர் கைக்கு எட்டுதல் வேண்டும்.