ஈ.எல்.சி.பி. அடிக்கடி விழுகிறதா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் உத்திரமேரூர் வட்டாரத்து வியாபாரிகளிடையே ஒரு பேச்சு தவறாமல் எழும்: "ஈ.எல்.சி.பி. நிக்கவே மாட்டேங்குது, அதைத் தாண்டி நேரா லைன் கொடுத்துட்டோம்." நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. இரவில் மின்சாரம் நின்றால் பிரீசரில் உள்ள பாலும் ஐஸ்கிரீமும் வீணாகும் என்பது உண்மை. ஆனால் நேராக லைன் கொடுப்பது, காவல்காரனை அனுப்பிவிட்டுக் கடையைத் திறந்து போடுவதற்குச் சமம்.

இப்போது ஆர்.சி.சி.பி. என்று விற்கப்படும் இச்சாதனம், ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று கணக்குப் பார்க்கிறது. குறைந்தால், அது மண்ணுக்கோ மனித உடம்புக்கோ கசிகிறது என்று பொருள். வீட்டுக்கு உரியது 30 மில்லி ஆம்பியர். 15-ஐத் தாண்டினாலே அது விழக்கூடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை:

1. எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றவும். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றவும். எதில் விழுகிறதோ அந்த லைனில் கோளாறு.

2. எல்லாம் நின்றால், பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவும். வாட்டர் ஹீட்டர், கிரைண்டர், பழைய பிரீசர், நீர்மூழ்கி மோட்டார் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம்.

3. எம்.சி.பி. அனைத்தும் இறங்கியிருந்தும் விழுந்தால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். ஒயர்மேன் மெகர் வைத்துச் சோதிக்கட்டும். சாதனமே பழுதாகவும் இருக்கலாம்.

4. இன்வெர்ட்டர் போட்ட பிறகு தொடங்கியது என்றால், இரண்டு லைனின் நியூட்ரல் கலந்திருக்கும். பிரித்துக் கட்டச் சொல்லவும்.

5. மழையில் மட்டும் விழுந்தால், பெயர்ப்பலகை விளக்கு, மாடி ஜங்ஷன் பாக்ஸ், ஈரச் சுவர் ஆகியவற்றைப் பார்க்கவும்.

பொருள் எதிலும் கோளாறு இல்லாமலும், ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகக் கசிந்து கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டுவதுண்டு. அப்போது கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. வைப்பதே வழி. பிரீசருக்கும் தனியாக ஒன்று வைத்துவிட்டால், வீட்டில் விழுந்தாலும் சரக்கு கெடாது.

மாதம் ஒருமுறை 'டி' பொத்தானை அழுத்திப் பார்க்கவும். விழவில்லை என்றால் உடனே மாற்றவும். கெட்டுப்போன சரக்கை அடுத்த லோடில் ஈடுகட்டிவிடலாம். ஈரக்கையோடு பிரீசரைத் திறக்கும் பையனின் உயிரை எந்த லோடிலும் ஈடுகட்ட முடியாது.