உங்களுக்குத் தெரியுமா? ஊசிக்காது ஏன் மங்குகிறது!

நம் கண்வில்லை சாகும்வரை வளர்கிறது! பழைய நார்கள் உதிர்வதில்லை. புதியவை மேலே படிகின்றன. வில்லை தடித்து விறைக்கிறது. 40 தாண்டியதும் ஊசியில் நூல் கோப்பது பெரும்பாடாவது அதனால்தான்.

• 10 வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 7 செ.மீ. கிட்டத்தில் உள்ளதும் தெளிவாகத் தெரியும். 60 வயதில் அதையே ஏறத்தாழ 1 மீற்றர் தள்ளிப் பிடிக்கவேண்டும். கை நீளம் காணாது!

• திருகோணமலை, திருக்கடலூர்க் கரையில் வலைக் கிழிசலைப் பொத்தும் பெரியவர்களுக்குப் பகல் வெளிச்சமே பாதிக் கண்ணாடி. ஒளி கூடினால் கண்மணி சுருங்கும். கிட்டத்துப் பொருள் கூர்மையாகும். வீட்டில் குப்பிவிளக்கடியில் முயன்று எரிச்சல்படுபவர்கள் முற்றத்துக்கு வந்து பார்க்கலாம்.

• வெள்ளெழுத்து எனப்படும் இந்தக் கிட்டத்து மங்கல் யாரையும் விடுவதில்லை. கிட்டப்பார்வை உள்ள பலர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூல் கோத்துவிடுவார்கள்.