படலமும் பதிவேடும்

பல நாள் நீர் நின்ற குடத்தின் உட்புறத்தைத் தடவினால், வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று விரலில் ஒட்டும். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கூட்டமாய்க் கூடித் தாமே சுரந்த பசையினுள் வாழும் வாழிடமே அது. அதனை நுண்ணுயிர்ப் படலம் என்பர். பல்லில் படியும் மாசும் இவ்வினத்ததே. ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் என்பார் 1683ஆம் ஆண்டிலேயே அம்மாசினை நுண்ணோக்கியால் நோக்கி, அதனுள் உயிர்கள் திரிதலைக் கண்டு எழுதினார்.

நோயாளியின் உடலிற் செலுத்தப்படும் குழாய்களிலும் இப்படலம் படிவதுண்டு. தனித்துத் திரியும் நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து, படலத்தினுள் வாழும் அதே நுண்ணுயிரைப் பலகால் கொல்ல மாட்டாது. ஆதலின், படலத்தை வெல்லும் மருந்தினை ஆய்வாளர் பல நாடுகளிலும் தேடி வருகின்றனர்.

தேடுவோர் முதலில் படலத்தை அளத்தல் வேண்டும். 96 சிறு குழிகளையுடைய தட்டில் அதனை வளர்த்து, ஊதாச் சாயம் ஏற்றிக் கழுவி, எஞ்சிய சாயத்தால் அளவை மதிப்பிடுதல் ஒரு முறை. நுண்ணோக்கிப் படங்களை அடுக்கடுக்காய் எடுத்துக் கணிப்பொறியால் ஆராய்தல் மற்றொரு முறை. டென்மார்க் நாட்டு அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட காம்ஸ்டாட் என்னும் மென்பொருள், இத்தகைய படங்களிலிருந்து படலத்தின் பருமனையும் தடிப்பையும் மேடுபள்ளத்தையும் கணக்கிட்டுத் தருகின்றது.

இவ்வாறு எண்கள் பல்லாயிரமாய்க் குவியும். ஆயினும் எண் மட்டும் போதுமோ? எந்த நுண்ணுயிர், எவ்வகை உணவு, எத்துணை வெப்பம், எத்தனை மணி நேரம் என்பன குறியாத எண், படியா மரக்காலா என்று சொல்லாமல் 'பத்து' என்று மட்டும் எழுதிய நெற்கணக்கை ஒக்கும். ஓரிடத்து முடிவை மற்றோரிடத்தார் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது.

இக்குறையை நீக்கப் போர்ச்சுகல் நாட்டு மின்யோப் பல்கலைக்கழகத்தாரும் ஸ்பெயின் நாட்டு வீகோப் பல்கலைக்கழகத்தாரும் முயன்றனர். சோதனைச் செய்திகளை ஒரே ஒழுங்கில் தொகுக்கும் பயோஃபாமிக்ஸ் என்னும் பொதுக் களஞ்சியம் 2012இல் அறிவிக்கப்பட்டது. 2015இல் 'படலச் சோதனைப் பட்டறை' எனப் பொருள்படும் பெயருடைய மென்பொருளொன்றும் வெளிவந்தது. சோதனையின் நிலைமைகளையும் முடிவுகளையும் ஒருங்கே பதிதல், வரைபடம் வரைதல், புள்ளியியல் முறையால் ஆராய்தல், பிறர்க்கு அளித்தல் ஆகிய பணிகளை அது எளிதாக்கியது.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும், எழுதுவோர் விட்டதனைத் தானே அறிந்து நிரப்பாது. இன்று ஒருவர் மறவாது குறித்து வைக்கும் வெப்பநிலை, நாளை வேறொரு நாட்டில் நோயாளிக்கு மருந்து தேடுவார்க்குத் துணையாகும். ஆதலின், உள்ளதை உள்ளவாறு முழுமையாய்க் குறித்து வைத்தல் ஆய்வாளரின் முதற் கடமையாகும்.