சீனியர் அலுவலகத்தில் சேரும் முன்

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரும் மாணவர் பட்டம் வாங்குவதற்குள் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரு ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

அந்த இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடிப் பிடிப்பது மட்டும் மாணவரின் பொறுப்பு. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அப்பா ஒரு ஃபோன் போட்டால் போதும். குடும்பத்திலேயே முதல் ஆளாகச் சட்டம் படிக்க வந்தவருக்கு யாரைக் கேட்பது என்பதே தெரியாது. முன்பு சென்னை அரசு சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்ததும் நடந்து போய்க் கோர்ட் ஹாலில் உட்கார்ந்து வாதம் கேட்கலாம். தம்புச் செட்டித் தெரு மாடிகளில் ஏறி இறங்கி நாலு சீனியரை விசாரித்துப் பார்க்கலாம். 2018-ல் கல்லூரி பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரிந்து போன பிறகு, அறிமுகம் இல்லாத மாணவருக்கு இருந்த அந்தச் சின்ன வழியும் தூரமாகிவிட்டது.

அறிமுகத்தை நம்பி நடக்கும் இடத்தில் எல்லாமே வாய்ப்பேச்சில்தான் முடிகிறது. "திங்கட்கிழமையிலிருந்து வாப்பா" என்று சீனியர் சொல்வதுதான் நியமன ஆணை. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், பணம் உண்டா, சான்றிதழ் உண்டா என்று கேட்கக் கூச்சம். பின்னால் தகராறு வரும்போது கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. இளம் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: உங்களைக் காக்கும் சட்டங்கள் சில இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒவ்வொன்றும் உங்களிடம் எழுத்தைக் கேட்கும்.

விண்ணப்பிப்பதிலிருந்தே அதைத் தொடங்கலாம். கோடை விடுமுறை என்பதால் மே மாதத்துக்கு எல்லோரும் கேட்பார்கள். அந்த மாதத்தில் உயர் நீதிமன்றத்துக்கும் விடுமுறை, விடுமுறைக் கால அமர்வு மட்டுமே நடக்கும். வாதம் பார்க்க வேண்டும் என்றால் வேறு மாதம் பாருங்கள். பெரிய சட்ட நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே விண்ணப்பம் வாங்குகின்றன. அங்கே பல மாதங்களுக்கு முன்பே இடம் நிரம்பிவிடும். தனி வக்கீல் என்றால் ஒரு பக்கக் கடிதமும் ஒரு பக்கத் தன்விவரமும் போதும். ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். அவர் எந்த வகை வழக்கு நடத்துகிறார், அதில் நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினால்தான் படிப்பார். மாணவர்களுக்கு வழிகாட்டச் சம்மதிக்கும் மூத்த வக்கீல்களின் மாவட்டவாரிப் பட்டியலுக்கும் அந்த 2008 விதிகளிலேயே இடம் இருக்கிறது. கல்லூரி முதல்வரிடம் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் அது உயிரோடு இருக்கும்.

இடம் கிடைத்ததும் அன்றிரவே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இப்படி எழுதலாம்: "ஐயா, இன்று நேரில் பேசியபடி வரும் திங்கள் முதல் நான்கு வாரம் தங்கள் அலுவலகத்தில் இன்டர்னாகச் சேர்கிறேன். நேரம் காலை பத்து முதல் மாலை ஆறு வரை என்றீர்கள். உதவித்தொகை இல்லை என்பதையும், முடிவில் சான்றிதழ் தருவீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன். வாய்ப்புக்கு நன்றி." இதில் எந்த சீனியரும் கோபப்பட ஒன்றுமில்லை. கோபப்படுகிறவரிடம் நான்கு வாரம் இருக்கத்தான் வேண்டுமா என்பதை முதல் நாளே யோசித்துக்கொள்ளலாம்.

சேர்வதற்கு உங்களிடம் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். பதிவுக் கட்டணம், சீட் உறுதிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று பெயர் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் "ஆன்லைன் இன்டர்ன்ஷிப்" விளம்பரங்களில் பல வெறும் சான்றிதழ் வியாபாரம். செய்யாத வேலைக்குச் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் கொடுத்தால் சிக்கல் விற்றவருக்கு மட்டுமல்ல, நாளைக்கு வக்கீலாகப் பதிவு செய்யப்போகும் உங்களுக்கும்தான். பணத்தைக் கட்டி ஏமாந்துவிட்டீர்கள் என்றால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் பணம் கை மாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்புண்டு.

அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதை ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சொல்லியிருக்கிறது. காட்டலாம், நகல் கொடுக்கலாம், அதோடு சரி.

உள்ளே போன பிறகு என்ன வேலை தருவார்கள்? கேஸ் கட்டைப் படிப்பது, தீர்ப்புகளைத் தேடுவது, தேதிவாரிக் குறிப்பு எழுதுவது, ஃபைலிங் செக்‌ஷனில் குமாஸ்தா அண்ணனோடு நிற்பது. கடைசியாகச் சொன்னதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு மனு ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது என்பதை எந்த வகுப்பிலும் கற்றுத் தர மாட்டார்கள். ஆனால் நீதிபதி முன் நின்று வாய்தா கேட்கச் சொன்னாலோ, வக்காலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாலோ மறுத்துவிடுங்கள். பதிவு செய்யாதவர் வக்கீல் தொழில் செய்தால் 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. கவுனும் கழுத்துப் பட்டையும் அதேபோல வக்கீலுக்கு மட்டும் உரியவை. இன்டர்னுக்குக் கறுப்பு கோட்டும் டையும் போதும்.

இன்னொன்று உங்கள் பக்கத்துக் கடமை. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே விடாமல் காக்கும் பொறுப்பை, 2023-ஆம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு வக்கீலின் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் சேர்த்தே வைக்கிறது. மனுவின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுவதும், கட்சிக்காரரின் ஆவணத்தை அப்படியே ஏஐ செயலியில் ஏற்றிச் சுருக்கம் கேட்பதும் ஒரு குடும்பத்தின் ரகசியத்தைத் தெருவில் வைப்பதுதான்.

பண விஷயத்தில் மாணவருக்கும் ஜூனியருக்கும் வேறுபாடு உண்டு. மாணவ இன்டர்னுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று விதி இல்லை. பதிவு செய்த ஜூனியர் வக்கீல் விஷயத்தில், 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு தெளிவாகச் சொன்னது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும், ஆண் பெண் என்ற வேறுபாடு கூடாது, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் இதைச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயம் அல்ல.

உதவித்தொகை தராவிட்டால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் என்ன என்று பெற்றோர் கேட்கிறார்கள். வக்கீல் அலுவலகம் வணிக நிறுவனம் ஆகாது என்று கேரளக் கடைகள் சட்டத்தை ஒட்டிய வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. மற்றவர்களின் கூலிக்காக வாதாடும் தொழிலில் தன் ஜூனியரின் பேருந்துக் கட்டணத்தைக்கூட நினைத்துப் பார்க்காத அலுவலகங்கள் இன்னும் இருப்பது எனக்கு வேதனை. மாநில பார் கவுன்சிலில் எழுத்து மூலம் புகார் தரலாம். அதற்குச் சேர்ந்த தேதியும், தருவதாகச் சொன்ன தொகையும், வங்கி வழியே வந்த பணமும் ஆதாரமாக வேண்டும். முடிந்தவரை ரொக்கமாக வாங்காதீர்கள்.

பாலியல் தொல்லை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் மாணவிகள் அதிகம் வாய் மூடிப் போகிறார்கள். சீனியரின் ஒரு சொல் தன் எதிர்காலத்தையே முடித்துவிடும் என்ற பயம் பொய்யான பயம் அல்ல. ஆனாலும் சட்டம் இங்கே நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் "ஊழியர்" என்றால் பயிற்சி பெறுபவரும், சம்பளம் வாங்காமல் வேலை செய்பவரும் அடக்கம். "நீ வெறும் இன்டர்ன்தானே" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். இரண்டு ஜூனியரும் ஒரு குமாஸ்தாவும் மட்டும் உள்ள அலுவலகம் என்றாலோ, புகாரே அலுவலகத் தலைவர் மீது என்றாலோ, மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்ப் புகார் குழுவுக்குப் போகலாம். அதற்கான வழியை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம்.

சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் தந்தவரின் பெயரை வெளியிடக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகச் சொல்வதும் அந்தச் சட்டப்படி செல்லாது. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகார் என்று சொல்லி உங்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் முடியாது.

மாணவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு, பலருக்கும் தெரியாத வாசல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, "வளாகம்" என்பதற்குள் இன்டர்ன்ஷிப் நடக்கும் இடத்தையும் சேர்த்திருக்கிறது. அதனால் உங்கள் கல்லூரியின் புகார் குழுவிலேயே முறையிடலாம். ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும்கூட இதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். காவல் நிலையத்துக்குப் போவதையும் இவை எதுவும் தடுப்பதில்லை. வக்கீல் மீதான தொழில் ஒழுங்கீனப் புகாரை வக்கீல்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் மாநில பார் கவுன்சிலுக்குத் தரலாம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிப் போகும். "எந்த ஊரு, யாரு பையன்" என்று சாதியைத் துருவி, பலர் முன்னால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வக்கீல் மீது புகார் எழுத எந்த வக்கீலும் முன்வரவில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம்.

இத்தனைக்கும் அடியில் வேண்டியது ஒரு நாட்குறிப்பு. பார் கவுன்சில் பாடத்திட்டப்படி இன்டர்ன்ஷிப் டைரிக்கு மதிப்பெண்ணே உண்டு. பல மாணவர்கள் அதைத் தேர்வுக்கு முந்தின இரவு கற்பனையாக நிரப்புகிறார்கள். அன்றன்றைக்கு எழுதுங்கள்: தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், எந்த நீதிமன்றம், எந்த வழக்கு எண், யார் என்ன வேலை சொன்னார்கள். வாரம் ஒருமுறை சீனியரிடமோ மூத்த ஜூனியரிடமோ கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான்கு வாரம் முடிந்த பிறகு சான்றிதழ் தராமல் இழுத்தடித்தால் அந்த டைரியையும் முதல் நாள் மின்னஞ்சலையும் இணைத்து, கல்லூரியில் இன்டர்ன்ஷிப் பொறுப்பில் உள்ள பேராசிரியருக்கு ஒரு மனு எழுதுங்கள். சீனியருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.