பேனரில் வராத கணக்கு

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே பேருந்து நிலையத்தில் பேனர் ஏறிவிடும். நூறு சதவீதத் தேர்ச்சி, பள்ளி முதலிடம் பிடித்த பிள்ளையின் படம், தலைமையாசிரியருக்கு வாழ்த்து. ஓர் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, ஒரு மிஷன் பள்ளி, சற்றுத் தள்ளி ஓர் உயர்நிலைப் பள்ளி என்று இருக்கிற நம் தாலுகா ஊர்களில் பாதிப் பெற்றோர் இந்தப் பேனரைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அந்த எண் பொய்யில்லை. யாரைச் சேர்த்து எண்ணினார்கள் என்பதை மட்டும் அது சொல்லாது.

உதாரணமாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 80 பேர். மறு ஆண்டு பொதுத்தேர்வு எழுதியவர்கள் 60 பேர். அத்தனை பேரும் தேர்ச்சி. பக்கத்துப் பள்ளியில் அதே 80 பேரில் 78 பேர் எழுதி 70 பேர் தேர்ச்சி, ஏறத்தாழ 90 சதவீதம். பேனர் முதல் பள்ளிக்குத்தான். ஆனால் கரை சேர்ந்த பிள்ளைகள் இரண்டாவதில்தான் அதிகம்.

விடுபட்ட அந்த 20 பேர் எங்கே? சிலர் ஊர் மாறியிருக்கலாம். மற்றவர்களின் பெற்றோரை அழைத்து, “இவன் தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கங்க, தனித்தேர்வரா எழுதட்டும்” என்று சொல்லியிருக்கவும் கூடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு எட்டோடு நின்றுவிடுவதால்தான் நெருக்கடி ஒன்பதில் வருகிறது. அப்படி அழைத்தால், டி.சி. கேட்டு நீங்களாக விண்ணப்பம் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிவிட்டால் உங்கள் விருப்பப்படி போனதாகவே பதிவாகும். காரணத்தைப் பள்ளியே எழுத்தில் தரட்டும் என்று கேளுங்கள்.

அடுத்து, பள்ளியின் பெயர்ப்பலகையை நிதானமாகப் படியுங்கள். ‘அரசு’ வேறு, ‘அரசு உதவி பெறும்’ வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேர்த்துவிட்டு, பிளஸ் 2 முடித்தபின் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். உதவி பெறும் பள்ளி அடங்காது. இடையில் ஓராண்டு தனியார் பள்ளியில் போட்டு எடுத்தாலும் தகுதி போகலாம். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களோ உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அதே அரசுப் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்தால் 7.5 சதவீதத்துக்குப் பாதகமில்லை. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமை மட்டும் கிடைக்காது. எது வேண்டும் என்பதை ஆறாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. அநியாயம்தான், ஆனால் நிலைமை அதுதான்.

உதவி பெறும் பள்ளிக்குள்ளேயே சுயநிதிப் பிரிவும் இருக்கும். அங்கே கட்டணம் உண்டு. எந்தப் பிரிவில் பெயர் ஏறுகிறது என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். நன்கொடை என்று சொல்லி எது வாங்கினாலும் ரசீது கேளுங்கள்.

உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தோடு முடிந்தது; பிளஸ் 1-க்கு வேறு பள்ளி தேட வேண்டும். மேல்நிலைப் பள்ளியிலும் பிள்ளை விரும்பும் குரூப் இருக்கிறதா, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியா என்று பாருங்கள். அறிவியல் பாடங்களில் செய்முறைக்கு 20 மதிப்பெண். ஆய்வகப் பூட்டில் துரு ஏறியிருந்தால், அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. பெண் குழந்தை என்றால் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த விவரங்களைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாவட்டக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு தாளில் எழுதுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் ஒன்பதில் எத்தனை பேர், பத்தில் தேர்வு எழுதியவர் எத்தனை பேர், டி.சி. பெற்றவர் எத்தனை பேர், காலிப் பணியிடங்கள் எவை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு செய்யலாம்.

பிள்ளை சேர்ந்த பிறகு பிரச்சினை வந்தால் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடும் குழுவாக அதை விட்டுவைத்திருப்பது நாம்தான். அடி, அவமானம் இரண்டையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. மற்றவற்றுக்கு 14417 என்ற கல்வி உதவி எண், முதன்மைக் கல்வி அலுவலர், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம். எங்கே மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.