மொட்டை மாடியில் டென்ட், பகலில் வடசென்னை: குட்டீஸோடு ஒரு மூன்று நாள் பயணம்

லீவு விட்டால் வெளியூர்க் குடும்பங்களுக்குச் சென்னை என்பது மெரினா, வண்டலூர், ஒரு மால், ஒரு சினிமா. பாரிமுனையைத் தாண்டி வடக்கே யாரும் குழந்தைகளைக் கூட்டிப்போவதில்லை. 'அங்கே என்ன இருக்கு? லாரியும் புகையும்தானே!' என்பார்கள். லாரியும் இருக்கிறது, புகையும் இருக்கிறது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை வாய் பிளந்து பார்க்கும் ரயில், படகு, மீன், புகைபோக்கி, பழைய கோயில் எல்லாம் ஒரே கோட்டில் இருப்பதும் இங்கேதான். எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதைத் தவிர்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

தங்குவது ஊருக்கு வெளியே

சின்னக் குழந்தைகளோடு துறைமுகப் பக்கம் அறை எடுப்பதைவிட, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் தங்குவது வசதி. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் இந்த ஊர்களைத் திருவொற்றியூரோடும் சென்ட்ரலோடும் இணைக்கிறது. சித்தி வீடு, மாமா வீடு என்று யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் 'கேம்ப்பிங்' கேட்டு அடம்பிடிக்கிறார்களா? அந்த வீட்டு மொட்டை மாடியே போதும். நான்கு பேர் படுக்கும் டென்ட், இல்லையென்றால் கொசுவலையும் பாயும், ஒரு டார்ச், ஒரு தூக்குவாளி புளிசாதம். கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா என்று மட்டும் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிட வேண்டும். பழவேற்காடு கடற்கரையில் டென்ட் அடிக்கும் ஆசை வேண்டாம். அந்த ஏரி பறவைகள் சரணாலயம். அதன் எல்லைக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் தங்க முடியாது. நடு இரவில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடவும் ஊருக்குள் இருப்பதே நல்லது.

முதல் நாள்: ரயிலும் கோயிலும்

ரயில் பயணத்தையே சுற்றுலாவாக்கிவிடலாம். ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட். அத்திப்பட்டு புதுநகருக்கும் எண்ணூருக்கும் இடையே ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும்போது ஜன்னல் சீட் குழந்தைக்குத்தான். ஒரு பக்கம் தண்ணீரில் மீனவர்கள். இன்னொரு பக்கம் அனல் மின்நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள். 1994 முதல் இங்கே மின்சாரம் தயாராகிறது.

திருவொற்றியூரில் இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயில். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம். 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, பிறகு அதை மீறியதால் சுந்தரருக்குக் கண் பார்வை போன கதையைக் கோயிலுக்குள்ளேயே சொல்லலாம். 'ஏன் பொய் சொன்னார்?' என்று குழந்தை கேட்கும். பதிலைத் தயாராக வைத்திருப்பது பெற்றோர் பாடு. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

திரும்பும்போது திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறலாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான தடம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரயில் திடீரென்று தரைக்குக் கீழே இறங்கும் அந்த நிமிடம் குழந்தைகளுக்கு ராட்டினத்துக்குச் சமம். மண்ணடியில் இறங்கி பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்தால் அத்தோ கடைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. 'காரம் போடாம ஒரு பிளேட்' என்று சொன்னால் நூடுல்ஸ் மாதிரி குழந்தையும் சாப்பிடும். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப்.

இரண்டாம் நாள்: ராயபுரமும் காசிமேடும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இந்தியாவில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். பெரிய தூண்களைக் குழந்தைகளை எண்ணச் சொன்னால் பத்து நிமிடம் ஓடிவிடும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது. வஞ்சிரம் வாங்க வரும் கூட்டத்தில் பெரியவர்களே தொலைந்துபோவார்கள். வார நாளில், காலை ஏழு மணிக்குப் போனாலும் ஏலத்தின் சத்தம் மிச்சம் இருக்கும். தரை முழுக்க ஐஸ் தண்ணீர் வழுக்கும். குழந்தைக்குப் பிடிமானமான செருப்பு, மூன்று வயதுக்குக் கீழ் என்றால் இடுப்பில். ஐஸ் உடைக்கும் இயந்திரம், தள்ளுவண்டிகள் பக்கம் போகக் கூடாது. வேலை செய்பவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். கோடை லீவும் அதே சமயம்தான். விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நிற்கும். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகத்தான் இந்த ஓய்வு என்று சொன்னால் குழந்தைகளுக்குச் சுலபமாகப் புரியும். வலை பின்னுவதையும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதையும் நிதானமாகக் காட்டலாம்.

வெயில் ஏறியதும் ராயபுரம் அறிஞர் அண்ணா பூங்கா. ராபின்சன் பூங்கா என்ற பழைய பெயரோடு 1949-ல் தி.மு.க-வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். தாத்தாவுக்கு வரலாறு, பேரனுக்கு ஓடியாட இடம்.

மூன்றாம் நாள்: பழவேற்காடு

பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் பழவேற்காடு போகலாம். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். கோட்டை அழிந்துவிட்டாலும் அவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பிள்ளைகள் கொஞ்சம் பயந்து, நிறைய சிரிப்பார்கள். குளிர்காலம் என்றால் ஏரியில் பூநாரைகளைப் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் மறக்க வேண்டாம்.

படகில் மட்டும் ஏற வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள். 'ஒரு ரவுண்டுதான் சார்' என்று யார் கூப்பிட்டாலும் பதில் 'வேண்டாம்'தான்.

எண்ணூரை எப்படிக் காட்டுவது?

எண்ணூர் ஒரு காலத்தில் சென்னைவாசிகள் காற்று வாங்கப் போன இடம். இன்று அங்கே குழந்தைகளோடு நடக்க முடியாது. சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகள். கடலோரத்தில் அரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகள். கால் வழுக்கினால் ஆபத்து, குளிக்கவும் கூடாது. வீசிங் உள்ள குழந்தை என்றால் ரயில் ஜன்னலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் வரவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்தில் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர்கள் இருட்டில் ஓடினார்கள்.

சுற்றுலா வரும் குழந்தையின் வயதில்தான் அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். இவர்களுக்கு மூன்று நாள் வேடிக்கை. அவர்களுக்கு அது தினமும் சுவாசிக்கும் காற்று. வீட்டு ஃபேன் ஓடும் மின்சாரத்திலும், ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோலிலும், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பிலும் இந்த ஊரின் பங்கு இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சொன்னால் போதும், மீதிக் கேள்விகளை அதுவே கேட்கும்.

பையில் இருக்க வேண்டியவை

* ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி, மாற்று உடை
* ஓ.ஆர்.எஸ் பாக்கெட், குழந்தையின் வழக்கமான காய்ச்சல் மருந்து, இன்ஹேலர் தேவைப்படுபவர்களுக்கு இன்ஹேலர்
* கொசு விரட்டி, ஈரத் துணி, மீன் வாசனைக்கு ஒரு சோப்பு
* குழந்தையின் சட்டைப் பையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய சீட்டு

ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிட வேண்டாம். மதியம் ஒரு மணி நேரத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. மாலை ஆறு மணிக்குள் ரயில் ஏறிவிட்டால், மாடியில் டென்ட்டுக்குள் படுத்து அன்றைக்குப் பார்த்த கதையைப் பிள்ளைகள் சொல்ல, பெரியவர்கள் கேட்கலாம்.